செருப்பு கரையில், சம்பந்தி தண்ணீரில்

“பிள்ளை, அங்கை பாரும். எங்கடை செருப்பெல்லாம் போகுது.”

குட்மேய்ஸில் இருந்து வந்த அன்ரி, மாப்பிள்ளையின் தாய், இப்படிச் சொன்னபோது நான் குசினியில் நின்று ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. மழை வரப்போகுது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். கையில் தேத்தண்ணிக் கோப்பை, கண் யன்னலில்.

அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கால்வாய்க் கரையில் நான் என் கையாலேயே அடுக்கி வைத்த ஒன்பது சோடிகளும், வரிசை குலையாமல், மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. முதலில் அன்ரியின் தங்க வார் வைத்த செருப்பு. கடைசியில் அவருடைய கணவர் அங்கிளின் கறுப்புச் சப்பாத்து.

செருப்பு எங்கே போகும்? நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து உட்கார்ந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, வீடு அவர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படகிலே வாழ்ந்த என்னை நினைத்தால் அவருக்குப் பொறாமையாக இருக்கிறதாம். அம்மா, இந்த வாரத்துப் பகுதி உங்களுக்காகத்தான். முழுவதும் படித்துவிட்டுப் பொறாமைப்படுங்கள்.

மார்கரெட்டும் நானும்

எங்கடை ஆக்கள் லண்டனில் வீடு வாங்கிக் குவித்த காலம் அது. மிச்சத்தில் வாங்கினார்கள், ஹவுன்ஸ்லோவில் வாங்கினார்கள். வாங்கியதை வாடகைக்கு விட்டுவிட்டு இன்னொன்று வாங்கினார்கள். கோயிலில் திருநீற்றுக்குக் கை நீட்டும்போதுகூட வாயில் மோர்ட்கேஜ் கதைதான்.

அந்தக் காலத்தில் என் கணவர் ஒரு படகு வாங்கினார். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. கையால் மட்டும் ஏன் எழுத வேண்டும்? இவர் என்றே எழுதுகிறேன்.

நரோபோட் என்பது இங்கே அதற்குப் பெயர். அறுபதடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம், முழுக்க இரும்பு. உள்ளே ஒரு ஆள் குசினியில் நின்றால் மற்ற ஆள் படுக்கைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் மார்கரெட் என்று எழுதியிருந்தது. பழைய சொந்தக்காரருடைய மனைவியின் பெயராம். அவள் அவரை விட்டுப் போனதும் படகை விற்றுவிட்டார். அவள் போனதற்கான காரணத்தை நான் முதல் மாரிக்குள் கண்டுபிடித்துவிட்டேன்.

பெயரை மாற்றுவோம் என்றேன். படகின் பெயரை மாற்றினால் கேடு வரும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் இவரிடம் சொல்லியிருந்தார். எங்கள் கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்கவே விடாத மனிதர் இவர். இதை மட்டும் அப்படியே நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்கரெட்டைக் கழுவுவார், மினுக்குவார், பித்தளையைத் துடைப்பார், எஞ்சினைத் தடவிக் கொடுப்பார். என்னிடம் ஒருநாள் “சாப்பிட்டீரோ” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. சொந்தக்காரர்கள் போன் எடுத்தால் முதலில் “மார்கரெட் எப்பிடி இருக்கிறா?” என்றுதான் கேட்பார்கள். சக்களத்தியைச் சுகம் விசாரிப்பதுபோல இருக்கும் எனக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படகைக் கட்டி வைக்க நிரந்தர இடம் இல்லாதவர்கள் பதினாலு நாளைக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்பது கால்வாய்ச் சட்டம். ஒரே இடத்தில் இருக்க விடுங்கோ என்று குடிவரவுக்காரரிடம் வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக் கெஞ்சியவர்கள் நாங்கள். கடைசியில் இருக்க விட்டார்கள். விட்ட கையோடு இவர் காசும் கொடுத்து, இருக்கக் கூடாது என்ற சட்டத்துக்குள் போய் விழுந்தார்.

பதினாலு நாள் பிரென்ட்ஃபோர்ட். பதினாலு நாள் சவுத்தோல். பிறகு பாடிங்டன், பிறகு கிழக்கே லீ ஆறு. நான் ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தேன். வேலை அசையாமல் ஒரே இடத்தில் இருந்தது, வீடுதான் ஊர் சுற்றியது. லீ ஆற்றில் நின்ற நாட்களில் விடியற்காலை ஷிப்டுக்குப் போக மூன்று பஸ் மாறினேன்.

இடையில் லொக் வேறு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி அது. இரண்டு பக்கமும் யானைக் கனத்தில் மரக்கதவு. இவர் பின்னால் நின்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு கப்டன்போலத் தூரத்தைப் பார்ப்பார். நான் இறங்கி ஓடி, கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தள்ளுவேன். கரையில் நாயோடு நடக்கும் வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்து, என்ன அழகான வாழ்க்கை என்பார்கள். ஹன்வெல்லில் அப்படி வரிசையாக ஆறு லொக். அத்தனை அழகையும் என் முதுகுதான் தாங்கியது.

தண்ணிக்கரை வீடு

என் தங்கச்சி கௌரி அப்போது ஹவுன்ஸ்லோவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தாள். முப்பது தாண்டிவிட்டது. ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் போனில் வாரத்துக்கு இரண்டு தரம் அழுவார்கள், ஒருவர் மாறி ஒருவர்.

அவளுக்கு ஏற்கெனவே ஒருவனைத் தெரியும் என்பது எனக்கு மட்டும் தெரியும். ரமணன் என்று பெயர், குட்மேய்ஸ் பொடியன். இரண்டு வருடப் பழக்கம். தங்கமான பிள்ளை, ஆனால் தாயின் முன்னால் வாய் திறக்காது. காதல் என்று சொன்னால் தாய் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடுவா என்று பயந்து, தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒன்றும் அறியாதவர்கள்போல, பெரியவர்கள் பேசிச் செய்யும் பேச்சுக்கால் சம்பந்தமாகக் கொண்டுபோனார்கள். சாதகம் பொருந்தியது. அடுத்தது பெண் பார்க்க வருவது.

“அக்கா, அவையின்ரை அம்மா வேண்டாமெண்டா ரமணன் மீறமாட்டான்,” என்றாள் கௌரி. “மீறச்சொல்லி நானும் கேக்கமாட்டன். அதோடை முடிஞ்சுது.” அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தாய் தகப்பன் ஊரில் என்றால் பெண் வீடு எது? அக்கா வீடுதான். அக்கா வீடு எது? மார்கரெட்.

இதுவரை வந்த வாரங்களில் எல்லாப் பழியையும் இவர் தலையில் போட்டேன். இந்தப் பொய் மட்டும் என்னுடையது. அன்ரி போன் எடுத்த அன்று நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“வீடு எங்கை பிள்ளை?”

“நோர்த்ஹோல்ட் பக்கம் அன்ரி. தண்ணிக்கரையிலை.”

“அப்பிடியோ! உங்கை விலை கூடவெல்லே? எத்தினை ரூம்?”

“ரெண்டு ரூம். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு.”

“கார்டின்?”

“பூச்சாடி நிறைய வைச்சிருக்கிறன் அன்ரி.” அவை கூரையில் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை.

“அதென்ன சத்தம்?”

“பக்கத்து வீட்டு வாத்து அன்ரி.”

“டோர் நம்பர் என்ன?”

“கண்டுபிடிக்கிறது கஷ்டம் அன்ரி. பாலத்தடிக்கு இவர் வந்து நிப்பார்.”

போனை வைத்துவிட்டு முதலில் வாத்தைத் துரத்தினேன். நேரில் கண்டால் மனம் மாறும், கௌரியைப் பார்த்தால் வீட்டை மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படகு விற்ற தரகரும் இதையேதான் இவரிடம் சொல்லியிருப்பார்.

ஒன்பது சோடி

எட்டுப் பேர் வந்தார்கள். ரமணன், அவனுடைய அம்மா, அப்பா. மிச்சம் ஐந்து பேரும் சித்தப்பா, பெரியப்பா வகையறா. இந்தக் கதையில் அவர்கள் சாப்பிட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

இவர் பாலத்துப் படிகளால் அவர்களை இறக்கிக் கரைக்குக் கூட்டிவந்தார். அன்ரி அரக்குக் காஞ்சிபுரம் உடுத்து, தங்க வார்ச் செருப்பில் சேறு படாமல் அடியெடுத்து வைத்து வந்தார். இடப்பக்கம் பார்த்தார், பற்றை. வலப்பக்கம் பார்த்தார், தண்ணீர்.

“வீடு எங்கை?” என்றார்.

“இதுதான் அன்ரி,” என்றேன்.

அங்கிள் இல்ஃபர்டில் இரண்டு கடை நடத்துகிறவர். அவர் வாய் பிளந்து, “அட! போட்டெல்லே!” என்றார், திருவிழா பார்த்த சின்னப் பிள்ளைபோல.  அன்ரி மார்கரெட்டின் பெயரை ஒருமுறை வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். 

பிறகு குனிந்து செருப்பு வாரைக் கழற்றினார். அதுதான் எங்கள் சனம். பொய்யென்று தெரிந்தாலும், கோபம் வந்தாலும், வீடு என்று ஒருவர் காட்டிய வாசலில் செருப்போடு ஏறமாட்டோம். அன்ரி கழற்றியதைக் கண்டு மற்ற ஏழு பேரும் கழற்றினார்கள். கரைக்கு வந்து நின்ற கௌரியும் தன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திரும்ப ஏறினாள்.

நாளாந்தம் நானும் இவரும் எங்கள் செருப்பைப் பின்தட்டில்தான் விடுவோம். ஒன்பது சோடிக்கு அங்கே இடம் ஏது? கரையிலேயே இருக்கட்டும் என்று, சோடி சேர்த்து, முனை ஒரு பக்கமாகப் பார்க்க, கலியாண வீட்டு வாசல்போல அழகாக அடுக்கினேன். மூளை இருக்கிறவள் செய்கிற வேலையா? வாசல் அசையும் என்பது இத்தனை வருடம் அதற்குள் வாழ்ந்த எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

உள்ளே எட்டுப் பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிரே உட்கார இடம் இல்லை. பாரம் ஒரு பக்கம் என்பதால் படகு அந்தப் பக்கம் சரிந்தது. கௌரி தேத்தண்ணித் தட்டோடு சரிவில் நடந்துவந்தாள். ரமணன் அவளை முதல்முறை பார்ப்பதுபோல நிலத்தைப் பார்த்தான். நடிப்பு சுமார்தான்.

 அங்கிள்தான் முதலில் பேச்சைத் தொடங்கினார்.

“தம்பி, இது ஓடுமோ? இல்லாட்டிச் சும்மா நிக்கிறதோ?”

இவருடைய முகத்தை நான் பார்த்தேன். கம்பனைப் பற்றிக் கேட்டால் தமிழ் வாத்தியாருக்கு வரும் வெளிச்சம் வந்தது. “சும்மா நிக்கிறதோ! வாங்கோ அங்கிள், காட்டுறன்,” என்று அங்கிளையும் மற்றப் பெரிய ஆண்களையும் பின்பக்கம் கூட்டிப்போனார். எஞ்சின் சத்தம் கேட்டது. பற்றரி சார்ஜ் பண்ண அவர் தினமும் போடுவதுதானே என்று நான் ரோல்ஸைத் திருப்பிப் போட்டேன்.

கயிற்றை அவிழ்த்தது அங்கிள்தானாம். ஆசைப்பட்டாராம்.

இதுக்கு பிரேக் இல்லை

அன்ரி செருப்பைப் பற்றிச் சொன்னதும் உள்ளே இருந்த எல்லோரும் எழும்பி அந்த ஒரு யன்னல் பக்கம் ஓடினார்கள். படகு இன்னும் சரிந்தது. கேசரித் தட்டு மேசையின் ஓரத்துக்குப் போய், கொஞ்சம் யோசித்து, விழுந்தது.

நான் பின்பக்கம் ஓடினேன்.

“இஞ்சருங்கோ! நிப்பாட்டுங்கோ!”

“ஏன்?”

“செருப்பு!”

“எந்தச் செருப்பு?”

“எல்லாற்றை செருப்பும்!”

இவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். “இதுக்கு பிரேக் இல்லை,” என்றார். எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல. கரை ஓரம் முழுக்க மற்றவர்களின் படகுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன, ஒதுங்க இடமில்லை. பின்னுக்கு எடுத்தால் இந்தப் படகு சொல்வழி கேளாது. திரும்புவதற்குக் கால்வாய் அகன்ற இடம் வேண்டும், அது தூரத்தில். “போய்த் திரும்பி வர ஒரு மணித்தியாலம். செருப்பு எங்கை ஓடப்போகுது?” என்றார்.

அங்கிள் சுக்கானைத் தொட்டுக்கொண்டு, “தம்பி, உண்மையிலையே ஓடுது!” என்றார். கரையில் ஒரு கிழவர் ஊன்றுகோலோடு எங்களை முந்திக்கொண்டு போனார்.

அடுத்த பாலத்தடியில் கால்வாய் ஒடுங்கி, படகு கரையை உரசிக்கொண்டு போகும். அந்த இடம் வந்ததும் முன்தட்டில் நின்ற கௌரி, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, வெறுங்காலோடு கரைக்குப் பாய்ந்தாள். நான் கத்தி முடிக்கவில்லை, அவளுக்குப் பின்னால் ரமணனும் பாய்ந்தான். அவனுக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது. ஒரு கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. கௌரி கையைக் கொடுத்து இழுத்தெடுத்தாள்.

“அவனுக்குத் தண்ணியெண்டாப் பயம்,” என்றார் அன்ரி. என்னிடம் சொல்லவில்லை, யன்னலிடம் சொன்னார். “பள்ளிக்கூடத்திலை நீந்தப் பழக்கக் கொண்டுபோன நாளிலை காய்ச்சல் எண்டு படுத்திடுவான்.”

இரண்டு பேரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். படகு மெதுவாகப் போனதால் நீண்ட நேரம் அவர்கள் எங்கள் கண்ணில் இருந்தார்கள். பத்து அடி வைத்ததும் கௌரி நொண்டினாள். ரமணன் அவளை ஒரு மரக்குற்றியில் இருத்தி, குந்தியிருந்து, அவள் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்து முள்ளோ என்னவோ பார்த்துப் பிடுங்கினான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். முதல்முறை சந்தித்த ஆண் பிள்ளையின் தலையில் யார் குட்டு வைப்பார்கள்?

அன்ரி அந்த யன்னலை விட்டு அசையவில்லை. வளைவு வந்து அவர்கள் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.  வீட்டுப் பொய் போய், இப்போது மற்றப் பொய்யும் வெளியே வந்துவிட்டது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அன்ரி என்னோடு பேசியது ஒரே ஒரு விஷயம். “பாத்ரூம் எங்கை?” என்று கேட்டார். காட்டினேன், பம்ப் அடிக்கும் முறையையும், எல்லாம் கீழே ஒரு பெட்டியில்தான் சேரும் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக் கொடுத்தேன். போய் வந்து, “உந்தப் பெட்டியை ஆர் கொண்டுபோய் ஊத்திறது?” என்றார்.

“இவர்தான் அன்ரி.”

“ஒவ்வொரு முறையுமோ?”

“ஓம். ஒரு நாளும் என்னைத் தொட விட்டதில்லை.”

அன்ரி திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே இவர் அங்கிளுக்குச் சுக்கான் பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அன்று அன்ரி மரியாதையோடு பார்த்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன், கக்கூஸ் புண்ணியத்தில்.

திரும்பி வந்தபோது கரையில் வரிசை குட்டையாகிவிட்டிருந்தது. கௌரியும் ரமணனும் ஆறு சோடிக்குக் காவல் நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அங்கிளின் கறுப்புச் சப்பாத்தில் ஒன்றைக் காலில் போட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, ரமணன் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அளவு சரியாக இருந்ததால் கழற்ற அவருக்கு மனமில்லை, அரை மனதோடுதான் திருப்பித் தந்தார்.

அவரில் பிழை இல்லை. லண்டனில் வேண்டாத சாமானைத் துடைத்து அழகாக வாசலுக்கு வெளியே வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துப்போகலாம் என்று அர்த்தம். எங்கள் முதல் சோபாவே அப்படிக் கிடைத்ததுதான், நானும் இவரும் சந்தோசமாகத் தூக்கி வந்தோம். நான் வேறு செருப்பை அவ்வளவு அக்கறையாக அடுக்கி வைத்திருந்தேன்.

போன மூன்று சோடியில் தங்க வார்ச் செருப்பும் ஒன்று.

கௌரியின் செருப்பு அன்ரியின் காலுக்குச் சின்னது, என்னுடையதும் பற்றவில்லை. கடைசியில் மழைக்கு நான் போடும் முழங்கால்வரை பச்சை ரப்பர் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் ஓட்டைக்கு நீல டேப் ஒட்டியிருந்தது. காஞ்சிபுரத்தைக் கொஞ்சம் உயர்த்தி அதற்குள் காலை விட்டுக்கொண்டு, அன்ரி பாலத்துப் படிகளில் தபக் தபக் என்று ஏறினார். கார்க் கதவடியில் நின்று, “சொல்லி அனுப்புறம்,” என்றார்.

எங்கள் ஊரில் சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பதினாலு நாள்

ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. ஒரு வாரமும் போனது. ரமணன் கேட்டதற்கு “யோசிப்பம்” என்று மட்டும் தாய் சொன்னாராம். கௌரி என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. “உங்களிலை பிழையில்லை அக்கா,” என்றாள். பிழை முழுக்க என்னில்தான் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகப் படகு என்று சொல்லியிருந்தால், வருவதற்கு முன்பே வேண்டாமென்றிருப்பார்கள், இல்லாவிட்டால் தெரிந்தே வந்திருப்பார்கள். நான் அவர்களைச் சேலையோடு சேற்றில் நிறுத்திவைத்து ஏமாற்றினேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அழுதேன்.

இவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஏழடி அகலத்துக்குள் இரண்டு பேர் பேசாமல் வாழ்வதற்கு நல்ல பயிற்சி வேண்டும். ஆறாம் நாள் இவரே வாய் திறந்தார்.

“செருப்புக்காக ஆராவது சம்பந்தத்தை விடுவினமோ?”

“இந்தச் சம்பந்தம் குழம்பினா மார்கரெட்டை வில்லுங்கோ. இல்லாட்டி என்னை ஊருக்கு அனுப்புங்கோ.”

இவர் போய் எஞ்சினைத் துடைத்தார்.

அந்த இடத்தில் கட்டிப் பதினாலாம் நாள் வந்தது. நகர வேண்டும். “அவை தேடி வந்தா?” என்றேன். “ஆர் வரப்போகினம்?” என்றார். அவர் சொன்னதில் கேலி இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. நோர்த்ஹோல்டை விட்டு க்ரீன்ஃபோர்ட் பக்கமாகப் போய்க் கட்டினோம்.

பச்சைச் சப்பாத்து

அடுத்த ஞாயிறு தூறல். கௌரி வந்திருந்தாள், எனக்குக் காய் வெட்டித் தந்துகொண்டிருந்தாள்.

நரோபோட்டின் யன்னல் கரைப் பாதையின் மட்டத்தில் இருக்கும். உள்ளே இருந்தால் போகிறவர்களின் கால்தான் தெரியும். நாய்க் கால், சைக்கிள் சக்கரம், ஓடுகிறவர்களின் முழங்கால். அன்று இரண்டு பச்சை ரப்பர் சப்பாத்து வந்தது. மேலே சேலைக் கரை நனைந்து கிடந்தது. சப்பாத்து யன்னலுக்கு நேரே நின்றது. ஒன்றில் நீல டேப்.

வெங்காயத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். குடையோடு அன்ரி. தனியாக.

“வீட்டையும் தூக்கிக்கொண்டு ஓடீட்டியளோ?” என்றார். “பழைய பாலத்தடியிலை இருந்து நடந்து வாறன். காணிற போட்டுக்காரர் எல்லாரிட்டையும் மார்கரெட் எங்கை எண்டு கேட்டன். ஒருத்தர் உள்ளை போய்த் தன்ரை மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.”

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. “அன்ரி, போனிலை நான் உங்களிட்டை…” என்று தொடங்கினேன்.

“பக்கத்து வீட்டு வாத்து சுகமோ?”

அவ்வளவுதான். கரையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அன்ரி குடையைச் சரித்து என் தலைக்கும் பிடித்தார்.

“ஒரு போன் எடுத்திருக்கலாமே அன்ரி,” என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இந்த மழைக்குள்ளை…”

“போனிலை சொல்லுறதை நம்பேலாது எண்டு நீர்தானே எனக்குக் காட்டித் தந்தனீர்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “என்ரை வீட்டிலை அஞ்சு ரூம் பிள்ளை. ஆளுக்கொரு கதவு. என்ரை பிள்ளை இந்தப் பிள்ளையை எவ்வளவு காலமா விரும்புறான் எண்டு அந்த வீட்டிலை இருந்து எனக்குத் தெரியேல்லை. உங்கடை யன்னலாலைதான் பாத்தன். தண்ணிக்குப் பயந்தவன் பாய்ஞ்சவனெல்லே. என்னிலை அவ்வளவு பயமோ எண்டுதான் ரெண்டு கிழமையா யோசிச்சனான். வேறையொண்டும் இல்லை.”

 கௌரி முன்தட்டில் வந்து நின்றாள், கையில் கத்தியோடு. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

அன்ரி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி அந்தச் சப்பாத்தைக் கழற்றினார். பழக்கம்போலக் கரையில் வைக்கக் குனிந்தவர், நிமிர்ந்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கௌரியிடம் நீட்டினார்.

“இந்தாரும், உதை உள்ளை கொண்டுபோய் வையும். மாமியாலை இன்னொரு சோடி பறிகுடுக்க ஏலாது.”

கௌரி சேறும் தண்ணீருமாக அந்தச் சப்பாத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாமி வெறுங்காலோடு ஏறி உள்ளே வந்தார். படகு மெல்ல ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது.

ஆள் அரவம் கேட்டு இவர் பின்பக்கக் கதவால் தலையை நீட்டினார். மாமியைக் கண்டதும் அந்த வெளிச்சம் முகத்தில் வந்தது.

“வாங்கோ, வாங்கோ! எஞ்சினைப் போடட்டே?”

“வேண்டாம்!” என்றோம், மூன்று பேரும்.